கல்லும் ஓலையும்: கோபன்ஹேகன் பழைய நகர நடைவழியில் தரங்கம்பாடி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் பழைய நகரப் பகுதியை வழிகாட்டியின் துணையின்றி, கையில் ஒரு வரைபடத்தோடு நடந்தே பார்ப்பது பயணிகளின் வழக்கம். அந்நடைவழியில் உள்ள கட்டடங்களை, 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியின் வரலாற்றோடு இணைத்து வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது. நகரின் கட்டடங்கள் அரசையும் வணிகக் குழுமத்தையும் நினைவில் நிறுத்துகின்றன. அவற்றின் மறுகரையில் வாழ்ந்த தமிழரைப் பற்றி அவை எதுவும் கூறுவதில்லை. தமிழர் இந்நகரில் இடம்பெறுவது கட்டடங்களில் அன்று, ஆவணங்களில். அங்கும் பெரும்பாலும் விண்ணப்பம் செய்தவர்களாகவே இடம்பெறுகின்றனர். தரங்கம்பாடி ஆய்வுக்கான சான்றுகளை எங்கே, எவ்வரிசையில் தேட வேண்டும் என்பதை இம்முரண் உணர்த்துகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோபன்ஹேகன், தரங்கம்பாடி, டேனிய ஆசியக் குழுமம், ஓலை ஆவணங்கள், நகர வரலாறு, தமிழ் வழக்கு.

முன்னுரை

ஒரு நகரத்தை நடந்து அறிவதும் வரலாற்று ஆய்வின் ஒரு முறையே. நூலில் ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும் செய்திகள் தெருவில் இட வரிசையில் எதிர்ப்படுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவரின் மேல் இருபதாம் நூற்றாண்டு அரண்மனை நிற்கிறது; அதற்கு எதிரே பதினேழாம் நூற்றாண்டுச் சந்தை மாளிகை நிற்கிறது. இட வரிசையைக் கால வரிசையாக மாற்றிக்கொள்ளும் பொறுப்பு நடப்பவரைச் சார்ந்தது.

கோபன்ஹேகன் என்னும் பெயருக்கு வணிகர் துறைமுகம் என்பது பொருள். தமிழில் 'பட்டினம்' என்னும் சொல் தரும் பொருளும் ஏறத்தாழ இதுவே. டேனியர் வந்திறங்கிய ஊரும் ஒரு பட்டினமே. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று குறிக்கிறது. இவ்விரு துறைமுகங்களையும் 225 ஆண்டுகள் ஒரே கொடி இணைத்தது. அவ்விணைப்பின் தடயங்களைத் தரங்கம்பாடியில் தேடும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியிருக்கிறது. டேன்ஸ்போர்க் கோட்டை, சீயோன் தேவாலயம், புதிய எருசலேம் தேவாலயம், அச்சகம் ஆகியவை பலமுறை எழுதப்பட்டுள்ளன. கடலின் மறுமுனையில் அதே தடயங்கள் எவ்வடிவில் உள்ளன என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

பயணிகள் பின்பற்றும் வழக்கமான நடைவழி நகர்மன்றச் சதுக்கத்தில் தொடங்குகிறது. ஸ்ட்ரோயெட் என்னும் நடைத்தெரு வழியே பழைய சந்தைச் சதுக்கங்களைக் கடந்து, வட்டக் கோபுரம், அரண்மனைத் தீவு, நீஹவுன் கால்வாய் ஆகியவற்றைத் தொட்டு, அமாலியன்போர்க் அரண்மனைகளில் முடிகிறது. இக்கட்டுரை அவ்வழியையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. இரண்டு மாற்றங்களை மட்டும் செய்கிறது: கிறிஸ்தியான்ஸ்ஹவுன் பகுதியை வழியில் சேர்த்துக்கொள்கிறது, அமாலியன்போர்க்கில் முடிக்காமல் அரண்மனைத் தீவுக்கே திரும்புகிறது.

தீ வகுத்த நகரம்

நகர்மன்றக் கட்டடம் 1892 முதல் 1905 வரை மார்ட்டின் நீரோப் என்னும் கட்டடக் கலைஞரால் எழுப்பப்பட்டது. அங்கிருந்து கிழக்கே செல்லும் ஸ்ட்ரோயெட், 1962ஆம் ஆண்டு ஊர்திகளுக்கு மூடப்பட்டு நடைத்தெருவாக்கப்பட்டது. இத்தெருவில் நடப்பவர் தாம் இடைக்கால நகரொன்றில் நடப்பதாக எண்ணிவிடக் கூடும். தெருக்களின் வளைவு இடைக்காலத்தது என்பது உண்மையே. தெருவின் இருபுறமும் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அவ்வாறல்ல.

1728 அக்டோபரில் பற்றிய தீ ஏறத்தாழ இரண்டரை நாள்கள் எரிந்து நகரின் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான பரப்பை அழித்தது. 1795 ஜூனில் கடற்படைத் தளத்தின் மரக்கிடங்குப் பகுதியில் தோன்றிய தீ 900-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. 1807 செப்டம்பரில் ஆங்கிலேயக் கடற்படையும் தரைப்படையும் நகரின்மீது நிகழ்த்திய குண்டுவீச்சு மூன்றாவது பேரழிவு. எனவே ஒரு கட்டடத்தின் முன் நிற்கும்போது அது இம்மூன்றில் எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்பதே முதலில் எழ வேண்டிய வினா. இதற்கு எளிய குறிப்பொன்றைத் தெருவே தருகிறது. 1795ஆம் ஆண்டுத் தீக்குப் பின் எழுந்த தெருமுனை வீடுகளின் மூலைகள் செங்கோணமாக இராமல் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். தீயணைப்போரின் நீண்ட ஏணி வண்டிகள் தடையின்றித் திரும்ப வேண்டும் என்பதற்காக அன்று வகுக்கப்பட்ட விதி அது.

ஸ்ட்ரோயெட்டின் நடுவே கம்மெல்டோர்வ் என்னும் பழைய சந்தையும் நீடோர்வ் என்னும் புதிய சந்தையும் எதிரெதிரே அமைந்துள்ளன. நான்காம் கிறிஸ்தியான் மன்னர் 1608இல் அமைத்த நீரூற்று பழைய சந்தையில் இன்றும் உள்ளது. இரு சந்தைகளுக்கும் இடையே நின்ற பழைய நகர்மன்றம் 1795இல் எரிந்து போயிற்று. அதன் அடித்தளத்தின் கோடு மட்டும் தரைக்கற்களில் வேறுபடுத்திக் காட்டப்பட்டுள்ளது. இழந்ததைத் தரையில் கோடாக வரைந்து காட்டும் இம்முறை இக்கட்டுரையின் பொருளுக்கு ஏற்ற உருவகம் எனலாம்.

அருகிலுள்ள அன்னை மரியாள் பேராலயத்தின் கோபுரம் 1807ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சரிந்தது. இன்று காணப்படும் ஆலயம் கிறிஸ்தியான் பிரடெரிக் ஹான்சென் வடிவமைத்து 1829இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து சில நிமிட நடையில் வட்டக் கோபுரத்தை அடையலாம். 1637 முதல் 1642 வரை கட்டப்பட்ட இக்கோபுரம் வானோக்ககமாகப் பயன்பட்டது. உள்ளே பெரும்பகுதியில் படிகள் இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் செங்கல் சரிவுப் பாதையே ஏறத்தாழ உச்சி வரை கொண்டு செல்கிறது. கோபுரத்தை ஒட்டிய திரித்துவ ஆலயத்தின் மேல்தளத்தில் பல்கலைக்கழக நூலகம் இருந்தது. 1728ஆம் ஆண்டுத் தீயில் அந்நூலகத்தின் நூல்கள் ஏறத்தாழ முழுவதும் அழிந்தன. ஓலே ரோமர் என்னும் வானியலறிஞரின் நோக்கீட்டுக் குறிப்புகளில் பெரும்பகுதியும் அத்தீக்கு இரையாயின.

இந்நூலகத்துக்குத் தென்னாசியத் தொடர்பும் ஒன்றுண்டு. மொழியியலறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1816 முதல் 1823 வரை மேற்கொண்ட நெடும்பயணத்தில் இந்தியாவையும் இலங்கையையும் அடைந்தார். 1821இல் கொழும்பில் சிங்கள எழுத்துமுறை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பாலி, சிங்கள ஓலைச்சுவடிகளைத் திரட்டிக் கோபன்ஹேகனுக்குக் கொண்டு வந்தார். 1829இல் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது அந்நூலகம் இதே ஆலயத்தின் மேல்தளத்தில்தான் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தீயில் அழிந்து மீண்டெழுந்த நூலகம் அது. ஏடுகள் பிழைப்பதும் அழிவதும் எத்தனை தற்செயலானது என்பதை இவ்விடம் நினைவூட்டுகிறது.

மண்ணுக்கடியில் உள்ள அரசவை

வட்டக் கோபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால் ஹாய்ப்ரோ சதுக்கம். 1795ஆம் ஆண்டுத் தீக்குப் பின் உருவான வெளி இது. ஆயர் அப்சலோனின் குதிரைச் சிலை 1902இல் இங்கு நிறுவப்பட்டது. பாலத்தைக் கடந்தால் ஸ்லோட்ஸ்ஹோல்மென் எனப்படும் அரண்மனைத் தீவு. அப்சலோன் 1167இல் கோட்டை எழுப்பியதாக மரபு கூறும் இடம் இதுவே. அக்கோட்டை 1369இல் ஹன்சா வணிகக் கூட்டமைப்பினரால் இடிக்கப்பட்டது. பின்னர் எழுந்த கோபன்ஹேகன் கோட்டை 1730களின் தொடக்கம் வரை அரசர்களின் இருக்கையாக விளங்கியது. அதனை இடித்து எழுப்பப்பட்ட முதல் கிறிஸ்தியான்ஸ்போர்க் அரண்மனை 1794இலும், இரண்டாவது அரண்மனை 1884இலும் எரிந்தன. இன்று நாம் காண்பது 1907 முதல் 1928 வரை கட்டப்பட்ட மூன்றாவது அரண்மனை.

தரங்கம்பாடியின் தொடக்கம் இவற்றுள் எதனோடு தொடர்புடையது என்று கேட்டால், விடை நிலத்துக்கடியில் கிடைக்கிறது. நான்காம் கிறிஸ்தியான் 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் குழுமத்துக்கு உரிமை வழங்கியதும், 1618இல் ஓவே கெட்டே தலைமையில் கப்பல்கள் புறப்பட்டதும், நான்காம் பிரடெரிக் 1705இல் சீகன்பால்கையும் புளூட்சோவையும் தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் பழைய கோபன்ஹேகன் கோட்டை நின்ற காலத்தில் நிகழ்ந்தவை. அக்கோட்டையின் அடித்தளமும் நீலக் கோபுரம் எனப்பட்ட சிறைக் கோபுரத்தின் எச்சமும் இன்றைய அரண்மனைக்குக் கீழே அகழ்ந்து காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மேலே காணும் அரண்மனைக்கும் டேனியத் தரங்கம்பாடிக்கும் காலத் தொடர்பே இல்லை. அரண்மனை முகப்பைக் கண்டு தரங்கம்பாடியை நினைப்பவர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

கெட்டேயின் பயணம் தரங்கம்பாடியை நோக்கித் தொடங்கியதன்று என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அதன் முதல் இலக்கு இலங்கை. கண்டி அரசோடு செய்ய எண்ணிய உடன்பாடு கைகூடவில்லை. முன்னதாகச் சென்ற கப்பல் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரின் தாக்குதலில் அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சை நாயக்கரின் அவையை அடைந்தார். 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கை அதன் விளைவு. தஞ்சைக்கு ஆண்டுதோறும் திறை செலுத்தும் நிபந்தனையோடு டேனியர் தரங்கம்பாடியில் தங்கினர். படையெடுத்து வென்ற நிலமாக அன்றி, தஞ்சை அரசின் இசைவால் பெற்ற இடமாகவே அது தொடங்கியது.

சந்தை மாளிகையும் வராத கப்பல்களும்

அரண்மனைக்குக் கிழக்கே, நீரோரத்தில், போர்சன் எனப்படும் சந்தை மாளிகை நிற்கிறது. நான்காம் கிறிஸ்தியான் 1619இல் தொடங்கிய இக்கட்டடத்தை ஸ்டீன்விங்கெல் குடும்பத்துக் கட்டடக் கலைஞர்கள் எழுப்பினர். நான்கு நாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டதைப் போன்ற 56 மீட்டர் உயரக் கோபுரம் 1625இல் அமைக்கப்பட்டது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கி நேரே கடைகளுக்குக் கொண்டு செல்லும் வகையில் நீரை ஒட்டி இம்மாளிகை அமைந்தது. கீழ்த்தளத்தில் சிறு கடைகள் இயங்கின. மூன்று பெருந்தீக்களிலும் தப்பிப் பிழைத்த இக்கட்டடம், சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோது 2024 ஏப்ரல் 16 அன்று தீப்பற்றியது. கோபுரம் சரிந்தது, கட்டடத்தின் ஏறத்தாழ பாதி அழிந்தது. மீட்டுக் கட்டுவது என முடிவாகிப் பணிகள் தொடங்கின.

வழிகாட்டி நூல்கள் இம்மாளிகையை டேனிய வணிகப் பெருமையின் சின்னமாகக் காட்டுகின்றன. தரங்கம்பாடியை நினைவில் கொண்டு நோக்கினால் வேறொரு பொருள் புலப்படுகிறது. மாளிகை எழுந்த அதே ஆண்டுகளில் கிழக்கிந்தியக் குழுமம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1639இல் வில்லெம் லேயெல் புறப்பட்டுச் சென்ற பின்னர் முப்பது ஆண்டுகள் வரை டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பல்களே செல்லவில்லை. குழுமம் 1650இல் கலைக்கப்பட்டது. அக்காலத்தின் இறுதியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் எளிய படைவீரர் கோட்டையின் தலைவராகி, உள்ளூர் மக்களின் துணையோடு அதனைக் காத்து வந்தார். 1669இல் பேரோ என்னும் கப்பல் வந்து சேர்ந்தபோதுதான் தம் நாட்டினர் தம்மை மறக்கவில்லை என்பது அவருக்கு உறுதியாயிற்று.

நாகக் கோபுரம் வானில் உயர்ந்து நின்ற இம்முப்பது ஆண்டுகளில் டேனியத் தரங்கம்பாடியை நிலைநிறுத்தியவர்கள் கோபன்ஹேகனில் இல்லை. கோட்டைக்கு உணவும் ஆளும் துணையும் அளித்த சோழமண்டலக் கரையினரே அதனை நிலைநிறுத்தினர். கட்டடம் இதனைக் கூறாது. லேயெலின் பொறுப்புக் காலத்து ஆவணங்கள் பிழைத்திருப்பதாலேயே 1640களைப் பற்றி நாம் சற்று விரிவாக அறிகிறோம்.

கிறிஸ்தியான்ஸ்ஹவுன்: குழுமத்தின் முற்றம்

சந்தை மாளிகையை ஒட்டிய கினிப்பல்ஸ்ப்ரோ பாலத்தைக் கடந்தால் கிறிஸ்தியான்ஸ்ஹவுன். நான்காம் கிறிஸ்தியான் 1618 அளவில் கடலைத் தூர்த்து உருவாக்கத் தொடங்கிய வணிகநகர் இது. 1728, 1795 ஆகிய ஆண்டுகளின் தீ நீரைத் தாண்டி இங்கு வரவில்லை. ஆகவே பழைய நகரின் மையத்தைவிட இங்குதான் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளைத் தொடர்ச்சியாகக் காண முடிகிறது. அவசர நடைவழிகள் இப்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றன. தரங்கம்பாடி ஆய்வாளருக்கோ நடையின் இன்றியமையாத பகுதி இதுவே.

ஸ்டிராண்ட்கேட் தெருவில், 1732இல் தோன்றிய ஆசியக் குழுமத்தின் தலைமைக் கட்டடம் உள்ளது. பிலிப் டி லாங்கே 1738-39இல் எழுப்பியது. அதனை ஒட்டி நிக்கோலாய் எய்க்வெட் வடிவமைத்த கிடங்கு 1750இல் முடிந்தது. இவ்விடம் இன்றும் ஆசியச் சதுக்கம் என்றே வழங்குகிறது. 1980 முதல் டேனிய வெளியுறவு அமைச்சகம் இங்கு இயங்குகிறது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் தென்கிழக்காசிய மிளகும் கிராம்பும் கோபன்ஹேகனின் குழுமங்கள் கையாண்ட சரக்குகள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆசியக் குழுமத்தின் பெரும் ஈட்டம் தரங்கம்பாடியிலிருந்து வந்ததன்று. சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் வாங்கிய தேயிலையிலிருந்தே வந்தது. தரங்கம்பாடி குழுமத்துக்குச் செலவு வைத்த காலங்களும் உண்டு. 1777இல் அதன் ஆட்சியைக் குழுமத்திடமிருந்து அரசு நேரடியாக ஏற்றுக்கொண்டது. எனவே இக்கிடங்கின் ஒவ்வொரு செங்கல்லும் தமிழகச் செல்வத்தால் ஆனது என்று எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. தரங்கம்பாடியின் முக்கியத்துவம் இலாபத்தில் இல்லை. இரு சமூகங்களிடையே இரண்டு நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த எழுத்து வழித் தொடர்பில் இருக்கிறது.

அரசர் சிலையும் இரு நகர்களின் வீழ்ச்சியும்

2016இல் திறக்கப்பட்ட உள்துறைமுகப் பாலம் கிறிஸ்தியான்ஸ்ஹவுனிலிருந்து நீஹவுனுக்கு நேரே கொண்டு செல்கிறது. நீஹவுன் 1670களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட கால்வாய். அங்கிருந்து வடக்கே நடந்தால், 1749இல் திட்டமிடப்பட்ட பிரடெரிக் நகர்ப்பகுதியும் அதன் நடுவே அமாலியன்போர்க்கின் நான்கு அரண்மனைகளும். எண்கோணச் சதுக்கத்தின் நடுவில் ஐந்தாம் பிரடெரிக்கின் குதிரைச் சிலை உள்ளது. பிரெஞ்சுச் சிற்பி சாலி வடித்து 1771இல் திறக்கப்பட்ட இச்சிலைக்கான செலவை ஏற்றது ஆசியக் குழுமம். நான்கு அரண்மனைகளுள் ஒன்றைத் தமக்கென எழுப்பிய ஆடம் கோட்லோப் மோல்ட்கே அக்குழுமத்தின் தலைவராகவும் இருந்தவர். அரசு, பிரபுக்கள், குழுமம் ஆகிய மூன்றும் ஒரே சதுக்கத்தில் ஒன்றையொன்று நோக்கி நிற்பதை இங்குக் காணலாம்.

இச்செழிப்பு நடுநிலைமையின் பயன். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஏனைய கடல்வல்லரசுகள் மோதிக்கொண்டிருக்க, டேனியக் கொடி பறந்த கப்பல்கள் பாதுகாப்பாக வணிகம் செய்தன. அதே நடுநிலைமை பின்னர் நகருக்குத் தீங்காயிற்று. 1801 ஏப்ரலில் ஆங்கிலேயக் கடற்படை கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே டேனியக் கப்பல்களைத் தாக்கியது. அதே ஆண்டு தரங்கம்பாடியும் ஆங்கிலேயர் வசமாகி மறு ஆண்டு திருப்பியளிக்கப்பட்டது. 1807இல் கோபன்ஹேகன்மீது குண்டு பொழிந்து டேனியப் போர்க்கப்பல்களை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1808இல் தரங்கம்பாடி மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி 1815 வரை அவ்வாறே இருந்தது. ஒரே போரின் இரு முனைகளாக இவ்விரு பட்டினங்களும் வீழ்ந்தன. பேராலயக் கோபுரம் சரிந்ததையும் சோழமண்டலக் கரையில் கொடி மாறியதையும் தனித்தனி வரலாறுகளாகப் படிப்பது இவ்வுறவை மறைத்துவிடும். அதன்பின் தரங்கம்பாடியின் வணிகம் தலைதூக்கவில்லை. 1845இல் அதுவும் வங்கத்தின் சீராம்பூரும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்துக்கு விற்கப்பட்டன.

நூலகத் தோட்டம்: ஓலையில் உள்ள குரல்

வழக்கமான நடைவழி இங்கு முடிகிறது. இக்கட்டுரையின் வழி மீண்டும் அரண்மனைத் தீவுக்குத் திரும்புகிறது. கிறிஸ்தியான்ஸ்போர்க்கின் பின்புறம், பழைய அரச நூலகக் கட்டடத்துக்கும் நான்காம் கிறிஸ்தியானின் படைக்கலக் கொட்டிலுக்கும் இடையே அமைதியான தோட்டமொன்று உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூர்க்கப்படும் வரை அது அரசின் கடற்படைத் துறையாக இருந்தது. அதனை அடுத்து, 1999இல் திறக்கப்பட்ட 'கருப்பு வைரம்' எனப்படும் அரச நூலகத்தின் புதிய கட்டடம் நீரை நோக்கி நிற்கிறது. தேசிய ஆவணக் காப்பகமும் நெடுங்காலம் இத்தீவிலேயே இயங்கியது. அதன் ஆவணங்களின் பெரும்பகுதி இன்று பழைய மையத்துக்கு வெளியே புதிய காப்பறைகளில் உள்ளது.

இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்கு எழுதிய பொன்னேட்டுக் கடிதம் அக்காப்பகத்தின் புகழ்பெற்ற உடைமை. பொன் என்பதால் அது பலரின் கண்ணையும் ஈர்க்கிறது. ஆய்வாளர் கவனத்துக்கு உரியவை அதனோடு உள்ள பனையோலைகளும் தாள்களுமே. தரங்கம்பாடி வாழ் மக்கள் டேனிய ஆட்சியை நோக்கித் தமிழில் எழுதிய முறையீடுகள் அவற்றுள் அடங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலங்கை, இடங்கைப் பிரிவினரிடையே எழுந்த உரிமைப் பூசல்களை டேனிய வரலாற்றாளர் நீல்ஸ் பிரிம்னெஸ் 1999இல் வெளியான தம் நூலில் ஆராய முடிந்ததற்குத் தரங்கம்பாடி ஆட்சியின் ஆவணங்களே அடிப்படை.

தமிழக வரலாற்றாய்வில் நாம் பழகிய முறை வேறு. கல்லில் வெட்டியது நிலைக்கும். ஓலையில் எழுதியது கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். ஆகவே கல்வெட்டை முதற்சான்றாகவும் ஓலையைப் படியெடுத்துக் காக்க வேண்டிய ஒன்றாகவும் கருதி வந்துள்ளோம். கோபன்ஹேகனில் இவ்வுறவு தலைகீழாகிறது. இங்குக் கல் அரசர் பெயரை மட்டுமே தாங்கி நிற்கிறது. குளிர்நாட்டுக் காப்பறையில் ஓலை பிழைத்துத் தமிழ்க் குடியினரின் சொல்லைத் தாங்கி நிற்கிறது. மறுகரையில், சடங்கன்பாடியின் பெயரைக் கல்லில் காத்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. கல் நிலையானது, ஓலை அழியக்கூடியது என்னும் பொதுவிதி தரங்கம்பாடியைப் பொறுத்தவரை இருமுனையிலும் பொய்த்துப்போகிறது.

சமயப் பணியாளர் வழிச் சான்றுகளையும் இவ்விடத்தில் ஒப்புநோக்க வேண்டும். சீகன்பால்கு முதலானோரின் எழுத்துகள் பெரும்பாலும் ஜெர்மனியின் ஹாலே நகரைச் சென்றடைந்தன. அங்கு வெளியான 'மலபார் மடல்கள்' தொகுப்பில் தமிழர் எழுதிய 99 மடல்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. அவை விலைமதிப்பற்றவை, ஆயினும் பணியாளர் கேட்ட வினாக்களுக்குத் தரப்பட்ட விடைகள், மற்றொருவர் மொழியில் நமக்கு வந்து சேர்ந்தவை. கோபன்ஹேகனின் முறையீடுகளோ எழுதியவர்கள் தம் தேவையை முன்னிட்டுத் தாமே தொடங்கியவை. இவ்வேறுபாடு சான்று மதிப்பீட்டில் அடிப்படையானது. தரங்கம்பாடி பற்றிய தமிழ் ஆய்வுகள் அச்சு வரலாற்றையும் விவிலிய மொழிபெயர்ப்பையும் மையமாகக் கொண்டு வளர்ந்தமைக்கு ஹாலே ஆவணங்களின் எளிய அணுக்கமும் ஒரு காரணம் எனலாம். கோபன்ஹேகனில் உள்ளவற்றோடு, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் டேனிய ஆவணங்களையும் இணைத்துப் படிக்கும்போதே ஊர்மக்களின் அன்றாட வரலாறு துலங்கும்.

விண்ணப்பத்தின் இரண்டாம் வருகை

நூலகத் தோட்டத்திலிருந்து சில அடி தொலைவில், கிறிஸ்தியான்ஸ்போர்க்கில், டேனிய நாடாளுமன்றம் கூடுகிறது. இவ்வரண்மனைக்கும் டேனியத் தரங்கம்பாடிக்கும் காலத் தொடர்பில்லை என்று மேலே கூறப்பட்டது. எனினும் தமிழரின் பெயர் இதன் அவையில் ஒலித்ததுண்டு. 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி டென்மார்க்கில் புகலிடம் பெற்ற தமிழர், தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தனர். அவ்விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைக்கும்படி நீதித்துறை அமைச்சர் எரிக் நின்-ஹான்சென் 1987இல் பணித்தார். விசாரணை அறிக்கை வெளியானதைத் தொடர்ந்து 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. அமைச்சர்மீதான குற்றச்சாட்டை விசாரிக்கும் சிறப்பு உயர்மன்றம் 1995இல் நின்-ஹான்சென் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. டேனிய அரசியல் வரலாற்றில் இது 'தமிழ் வழக்கு' என்றே அழைக்கப்படுகிறது.

தரங்கம்பாடி முறையீட்டாளரும் இப்புகலிடத் தமிழரும் ஒரே மரபின் தொடர்ச்சி என்று கூறுவது மிகையாகும். இருவரையும் இணைக்கும் குடிவழி ஏதுமில்லை. காலமும் சூழலும் வேறு. எனினும் இந்நகரின் ஆவண மரபில் இருவரும் ஏற்கும் இடம் ஒன்றே. இருவரும் தம் உரிமையைக் கோரி ஆட்சியாளர் முன் விண்ணப்பத்தோடு நிற்கின்றனர். முன்னையோரின் விண்ணப்பம் ஓலைக்கட்டில் உறங்கியது. பின்னையோரின் விண்ணப்பம் ஓர் அரசையே வீழ்த்தியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு, குடிமக்கள் ஆட்சியை நோக்கிச் செய்யும் முறையீட்டுக்குச் சட்டம் அளிக்கும் மதிப்பில் ஏற்பட்ட மாற்றத்தின் அளவாகும்.

முடிவுரை

கோபன்ஹேகன் பழைய நகர நடைவழியைத் தரங்கம்பாடியின் நோக்கில் வாசித்ததிலிருந்து மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவதாக, இன்று காணப்படும் கட்டடங்களில் பல டேனியத் தரங்கம்பாடியின் தொடக்க காலத்தவை அல்ல. அக்காலத்து அரசவை மண்ணுக்கடியில் உள்ளது. சந்தை மாளிகை 2024ஆம் ஆண்டுத் தீக்குப் பின் மீட்டுக் கட்டப்படும் நிலையில் உள்ளது. தீயின் ஆண்டுகளை அறியாமல் இந்நகரை வாசிக்க இயலாது. இரண்டாவதாக, பிழைத்திருக்கும் கட்டடங்கள் அரசும் குழுமமும் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்டவை. அவை தரும் செழிப்பின் தோற்றத்தை, கப்பல் வராத முப்பது ஆண்டுகளோடும் கான்டன் வணிகத்தின் முதன்மையோடும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும். மூன்றாவதாக, தமிழர் இந்நகரில் இடம்பெறுவது ஓலையிலும் தாளிலுமே. அங்கு அவர்கள் தம் சொல்லோடு இடம்பெறுகின்றனர்.

தரங்கம்பாடியின் கட்டடங்களை மீட்டமைக்கும் பணிகளில் டேனிய நிறுவனங்கள் அண்மைக் காலத்தில் பங்கேற்றுள்ளன, அது பாராட்டுக்குரியது. அதே அக்கறை தமிழ் முறையீடுகளை முழுமையாகப் பட்டியலிட்டு, படித்து, உரிய குறிப்புகளோடு பதிப்பிப்பதிலும் செலுத்தப்பட வேண்டும். அப்பணிக்கு டேனிய மொழியறிவும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கையெழுத்துப் பயிற்சியும் ஒருங்கே தேவை. இவ்விரண்டையும் பெற்ற இளம் ஆய்வாளர்களை உருவாக்குவது தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகளின் உடனடிக் கடமை.